நடைபாதையில் செத்தவனுக்குச் சாட்சி யார்?

விடியற்காலை நான்கு மணிக்குத் தாராவியில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இட்லி வெந்து, சட்னி அரைத்து, சாம்பார் தூக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் தொண்ணூறடிச் சாலையிலிருந்து நகரத்தின் நாலா பக்கமும் புறப்படுகிற நேரம் அது. பாந்திராவிலும் வொர்லியிலும் இரவெல்லாம் குடித்தவர்கள் வீடு திரும்புகிற நேரமும் அதுதான். ஒருவன் சைக்கிளில் போகிறான், மற்றவன் ஒன்றரை டன் எடையுள்ள காரில் வருகிறான். இரண்டு பேருக்கும் சாலை ஒன்றே. மோதினால் சாகிறவன் எவன் என்று அறியப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றி, டிசம்பர் 31 நெருங்கும்போது ஆண்டுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் கட்டுரை வரும். குடி குடியைக் கெடுக்கும் என்று தொடங்கி, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று முடியும். உபதேசம் செய்ய மடாதிபதிகள் இருக்கிறார்கள்; அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். நாம் கேட்கிற கேள்வி வேறு. அடிபட்டு விழுந்தவன் பக்கத்தில் மறுநாள் காலையில் நிற்பவர் யார்? பத்து ஆண்டு கழித்து அவன் வழக்குக்காக நீதிமன்ற வாசலில் நிற்பவர் யார்?

2006 நவம்பர் 12 அதிகாலை, பாந்திரா கார்ட்டர் ரோட்டில் வேகமாக வந்த கார் ஒன்று நடைபாதையில் ஏறியது. அங்கே படுத்திருந்தவர்கள் சாலை வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள். ஏழு பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவரின் இரத்தத்தில் மது இருந்தது சோதனையில் தெரிந்தது. 2007 ஏப்ரலில் செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்த தண்டனை ஆறு மாதம். ரயில்வே கிளார்க் வேலையில் கணக்குப் போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது: ஆறு மாதத்தை ஏழு உயிருக்குப் பங்கிட்டால் உயிர் ஒன்றுக்கு இருபத்தாறு நாள். நகரமே கொதித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் தண்டனை மூன்று ஆண்டாக உயர்ந்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் கணக்கு உயிருக்கு ஐந்து மாதம் சொச்சம்தான்.

ஆனாலும் அந்தத் தீர்ப்பு பெரிய தீர்ப்பு. அதுவரை இப்படிப்பட்ட சாவுகளையெல்லாம் ‘கவனக்குறைவு’ என்ற சின்னப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். அதற்கு உச்ச தண்டனையே இரண்டு ஆண்டு. குடித்துவிட்டு ஆள் படுத்திருக்கும் இடத்தில் வேகமாக ஓட்டுகிறவன் சாவு நேரும் என்று அறிந்தே ஓட்டுகிறான். ஆகவே அது பத்து ஆண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றம் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சட்டப் புத்தகங்களில் அது அலிஸ்டர் பெரேரா வழக்கு. ஓட்டியவர் பெயர் நிலைத்துவிட்டது. செத்த ஏழு பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் இந்த மும்பையில் எத்தனை பேர் சொல்வார்கள்?

அதற்கும் நான்கு ஆண்டு முன்னால் நடந்ததை நாடே அறியும். 2002 செப்டம்பர் 28 அதிகாலை, பாந்திரா ஹில் ரோடு. ரொட்டிக் கடை வாசலில் படுத்திருந்தவர்கள் மீது கார் ஏறி ஒருவர் இறந்தார், நான்கு பேர் காயமடைந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நடிகர் சல்மான் கான். வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொரு நீதிமன்றத்துக்கு, ஒரு சட்டப் பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு என்று பதின்மூன்று ஆண்டு அலைந்தது. 2015 மே மாதம் செஷன்ஸ் நீதிமன்றம் ஐந்து ஆண்டு தண்டித்தது. அந்த டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம், அவர்தான் ஓட்டினார் என்பதும் குடித்திருந்தார் என்பதும் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. தீர்ப்பைத் திருத்தி எழுத நாம் யார்? மெட்ரிகுலேஷன் படித்தவர்கள். ஆனால் சாட்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மெட்ரிகுலேஷன்கூடத் தேவையில்லை.

முதல் புகாரைக் கொடுத்தவர் ரவீந்திர பாட்டீல் என்ற போலீஸ் கான்ஸ்டபிள். நடிகரின் பாதுகாப்புக்குப் போடப்பட்டு அந்தக் காரிலேயே இருந்தவர். அவர் பிறகு நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று கைது செய்யப்பட்டார், வேலை போயிற்று, குடும்பம் விட்டுப் போயிற்று, 2007 அக்டோபரில் காசநோயால் இறந்தார். வழக்கு முடிவதற்கு எட்டு ஆண்டு முன்னால்! அவர் விட்டுப்போன வாக்குமூலத்தை முழுக்க நம்ப முடியாது என்றது உயர் நீதிமன்றம். சீருடை போட்ட கான்ஸ்டபிளுக்கே இந்தக் கதி என்றால், சந்தில் தக்காளி விற்கிற நம் ஆள் எந்தத் துணிச்சலில் சாட்சிக் கூண்டு ஏறுவான்?

காயம்பட்டவர்களில் ஒருவர் 2015-இல் செய்தியாளர்களிடம் சொன்னார்: தண்டனையால் எனக்கு என்ன கிடைக்கும், இழப்பீடு கிடைத்தால் உதவும் என்று. படித்தவர்கள் சிலர் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ஏழை காசுக்கு விலைபோகிறான் என்றார்கள். பதின்மூன்று ஆண்டு நொண்டிய காலோடு தனியாக இருந்தவனிடம் நீதியின் மேன்மையைப் பேச இவர்களுக்கு என்ன உரிமை? அந்தப் பதின்மூன்று ஆண்டில் ஒருநாள் அவனோடு பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போனீர்களா என்று கேட்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘நடைபாதை என்ன தூங்குவதற்கா?’ என்று கேட்கிற கூட்டம். அந்த 2015 தீர்ப்பின்போது, சாலையில் தூங்குகிறவன் நாய்போலச் சாவான் என்ற பொருளில் ஒரு சினிமாப் பாடகர் எழுதினார். ஐயா, நடைபாதை தூங்குவதற்கு இல்லைதான். கார் ஓட்டுவதற்கும் இல்லை! தூங்குகிறவனுக்கு வேறு இடம் இல்லை. ஓட்டுகிறவனுக்கு எழுபது அடி ரோடு இருந்தது. இந்த நகரத்தின் ரோட்டைப் போட்டவன், கட்டடத்தைக் கட்டியவன், விடிந்தால் காலைப் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கிறவன், இவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்காத வாய், செத்த பிறகு ஏன் அங்கே படுத்தான் என்று கேட்கிறது.

இனி இரத்தத்துக்கு வருவோம். வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுப்படி, நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் சிறை, அல்லது இரண்டும். ஆனால் உடம்பு என்பது சீல் வைத்த புட்டி இல்லை. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் மது கரைந்துகொண்டே இருக்கும். நள்ளிரவில் 100 இருந்தவன் விடிந்து ஐந்து மணிக்குச் சட்டப்படி யோக்கியன். ஆகவே குடித்துவிட்டு இடித்தவனுக்கு எது லாபம்? நிற்பதா, ஓடுவதா?

2024 ஜூலை 7 அதிகாலை வொர்லியில் சொகுசுக் கார் ஒன்று ஸ்கூட்டரில் மோதியது. மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய கோலிவாடாத் தம்பதி அதில் வந்தார்கள். மனைவி வெகுதூரம் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் மகன். இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டார். இரண்டு நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் என்ன இருக்கும், தண்ணீரும் உப்பும்தானே? அதே ஆண்டு மே 19 அன்று பூனாவில் பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் மோதி இரண்டு இளம் என்ஜினியர்கள் இறந்தார்கள். சாலை விபத்து பற்றி முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லிப் பையனை ஜாமீனில் விட்டது சிறார் நீதி வாரியம். நாடே கைகொட்டிச் சிரித்த பிறகுதான் உத்தரவு மாறியது. அங்கே இரத்த மாதிரியையே மாற்றிவைத்துவிட்டார்கள் என்று அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானார்கள். இரண்டு வழக்கிலும் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் இரத்தம்தான் சாட்சி என்பதைப் பணக்காரர்கள் நமக்கு முன்பே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதனால்தான் அரசாங்கத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்கிறோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவற்றில் குடிபோதையால் என்று எழுதப்பட்டவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மீதியெல்லாம் பால் குடித்துவிட்டு ஓட்டினார்களா? சோதிக்காத இரத்தத்தில் சாராயம் இருக்காது. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஒரு அம்மா செய்ததைச் சொல்ல வேண்டும். 1980 மே 3 அன்று கலிபோர்னியாவில் சாலையோரம் நடந்துபோன பதின்மூன்று வயதுச் சிறுமியைக் குடிகாரன் ஓட்டிய கார் அடித்துக் கொன்றது. முன்பே பலமுறை அதே குற்றத்துக்குப் பிடிபட்டவன். இரண்டு நாள் முன்னால்தான் இன்னொரு கேஸில் ஜாமீனில் வந்திருந்தான். சிறுமியின் தாய் கேண்டி லைட்னர், குடித்துவிட்டு ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார் என்ற அமைப்பை அதே ஆண்டில் தொடங்கினார். அவர்கள் பேரணி நடத்தினார்கள், தலைவர்களைப் பார்த்தார்கள், 1984-இல் குடிக்கும் வயதை இருபத்தொன்றாக உயர்த்தும் சட்டம் வர வைத்தார்கள். நமக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. நோட்டுப் புத்தகத்தோடு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார்கள். எந்த வழக்கு, எந்த நாள், எந்த நீதிபதி, என்ன தண்டனை என்று குறித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் பத்துப் பெண்கள் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது ‘வாய்தா கொடுங்கள்’ என்று கேட்கிற வக்கீலின் குரல் கொஞ்சம் இறங்கும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரைத் தனியாகக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் கூடவே போனார்கள். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஆள் தேவை, விட்டுவிடாமல் போகிற ஆள்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழர் சங்கங்களுக்குப் பஞ்சமா? பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட ஆள் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் பேச்சாளரை எடுத்துவர தாதர் ஸ்டேஷனுக்கு ஆறு கார் போகிறது. சயான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நினைவில்லாமல் கிடக்கிற டெம்போ கிளீனரின் அம்மா, மராத்தியில் எழுதிய பஞ்சநாமாவைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் படித்துக் காட்டச் சொல்வது என்று தெரியாமல் நிற்கும்போது ஒரு காரும் வரக் காணோம். அந்த இடத்தில் யார் வருகிறார்கள் தெரியுமா? தரகர் வருகிறார். இழப்பீடு வாங்கித் தருகிறேன், வருவதில் பாதி எனக்கு, இந்த வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடும்மா என்கிறார். அம்மா போடுகிறாள். தமிழில் அன்பாகப் பேசுகிற ஒரே ஆள் அவர்தானே!

அந்த அம்மாவுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைப் போலீஸ் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. 2025 மே முதல் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை தரும் திட்டம் வந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரைப் பெயர் சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்த விதிகள் பிறகு சட்டத்திலேயே ஏறிவிட்டன. இடித்த வண்டி ஓடிவிட்டால் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. 2022 ஏப்ரலுக்கு முன்பு சாவின் விலை 25,000-தான்.

இட்லிக்காரனுக்குச் சம்பளச் சீட்டு ஏது, எப்படி வருமானம் காட்டுவது என்று கேட்பீர்கள். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கும் எதிர்கால வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும், நாற்பது வயதுக்குக் கீழே என்றால் நூற்றுக்கு நாற்பது கூட்ட வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இது தெரியாமல் எத்தனை குடும்பம் தரகர் சொன்ன தொகைக்குத் தலையாட்டியிருக்கும்! மனுப் போட ஆறு மாதம்தான் கெடு என்று புதிய சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. இருந்தாலும் நாம் ஆறு மாதத்தை நம்பி நடப்பதே நல்லது. ஊரில் கருமாதி முடித்துவிட்டு வருவதற்குள் அதில் இரண்டு மாதம் போய்விடுகிறது.

ஒரு சூழ்ச்சியையும் சொல்லிவிடுகிறோம். டிரைவர் குடித்திருந்தான் என்று சொன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராது, ஆகவே அதைப் பற்றி வாய் திறக்காதே என்று அடிபட்ட குடும்பத்தையே பயமுறுத்துகிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குடிபோதையைக் காட்டித் தப்பித்துக்கொள்ள 2019 திருத்தம் கம்பெனிக்கு ஒரு சந்து திறந்துவிட்டது. ஆனால் குடித்து ஓட்டினாலும் கம்பெனி முதலில் அடிபட்டவனுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் சோறு போய்விடும் என்று ஒரு விதவையை நிறுத்துகிற சட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அடிப்பவனெல்லாம் பாந்திராப் பணக்காரன், சாகிறவனெல்லாம் நம் ஆள் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். தண்ணி லாரி, டெம்போ, ஆட்டோ, டாக்சி எல்லாவற்றிலும் நம் ஆட்கள் ஸ்டீயரிங் பிடிக்கிறார்கள். கோயில் கொடை முடிந்து, கல்யாண ஊர்வலம் முடிந்து, நாலு ரவுண்டு போட்டுவிட்டு ‘எனக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி’ என்று சாவியை வாங்குகிறவனைத் தடுக்காமல் சிரிக்கிறவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். அவன் அடிப்பது பெரும்பாலும் இன்னொரு கூலிக்காரனைத்தான். அந்த டிரைவருக்காகப் போலீஸ் நிலையத்துக்கு நாற்பது பேர் ஓடுகிறார்கள். அடிபட்டவன் பீகார்க்காரன் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போவதில்லை. இது இனப்பற்று ஆகாது. இது கோழைத்தனம்.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார்மேனோ லோகோ பைலட்டோ டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும்போது கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். இறங்கும்போதும் ஊத வேண்டும். முப்பது ஆண்டு சர்வீஸ் என்றாலும், நேற்றுத்தான் பேரன் பிறந்தான் என்றாலும் ஊதித்தான் ஆக வேண்டும். கருவி ‘மது’ என்று காட்டினால் வண்டி கொடுக்க மாட்டார்கள். இதை அவமானம் என்று எந்த மோட்டார்மேனும் நினைப்பதில்லை. பின்னால் ஆயிரக்கணக்கானவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இந்த வழக்கத்தை டெம்போ ஸ்டாண்டுக்கும் தண்ணி லாரி முதலாளிக்கும் கொண்டுபோக என்ன தடை? கருவி சில ஆயிரம் ரூபாய். ஒரு டயர் விலைகூட இராது. மும்பைப் போக்குவரத்துப் போலீஸ் 2007 முதல் சாலையில் நிறுத்தி ஊதச் சொல்கிறது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் போலீஸ் நிற்பது சாலை நடுவில். சாவி கைமாறுவது ஸ்டாண்டில்.

அரசாங்கத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியுமா? நெடுஞ்சாலை ஓரத்துச் சாராயக் கடைகளை மூட வேண்டும் என்று நீதிமன்றம் போனவர்களில் நம் தமிழ்நாட்டு வக்கீல் கே. பாலுவும் ஒருவர். 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்கின் பெயரே தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு. அரசு எதிர்த்தரப்பு என்பதைக் கவனியுங்கள்! பிறகு நடந்தது வேடிக்கை. பல மாநிலங்கள் கடையை நகர்த்துவதற்குப் பதில் சாலையின் பெயரை நகர்த்தின. நேற்றுவரை மாநில நெடுஞ்சாலையாக இருந்தது இன்று ஊர்ச் சாலை ஆயிற்று. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் கொடுத்துவிட்டது. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இங்கே மட்டும் என்ன? 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஐந்து ரூபாய்க்கு ஒருநாள் பர்மிட் வாங்கினால் மதுவிலக்கு தீர்ந்துபோகிறது. முழு மதுவிலக்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: மதுவிலக்குக் காலத்தில் தாராவி என்ன காய்ச்சியது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

ஆகவே நாம் கேட்பது சின்ன வேலை. ஒவ்வொரு சங்கமும் பன்னிரண்டு பேரைக் கொடுக்கட்டும். சயான் ஆஸ்பத்திரிக்கு முறை வைத்து இரண்டு பேர்; அவர்களில் ஒருவருக்கு மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விபத்து என்று செய்தி வந்தவுடன் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் போலீஸ் நிலையத்துக்கு. போலீஸ் நிலையம் போகிறவர் செய்ய வேண்டிய முதல் காரியம், ஓட்டியவரின் இரத்தத்தை உடனே சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நேரம் குறித்து முத்திரை வாங்குவது. வாய்ப்பேச்சுக்கு மதிப்பு இல்லை, காகிதத்துக்கு உண்டு. இதை ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் அனைவரும் அறிவோம். வழக்கு நடக்கும் நாளில் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு பின்வரிசையில். சாட்சி சொல்கிறவரை வீட்டிலிருந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவிட ஒருவர். அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும். அடிபட்டவர் எந்த மொழிக்காரர் என்று கேட்கக் கூடாது.

டிசம்பர் 31 இரவு எப்போதும்போல் மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் சிறப்பு லோக்கல் விடும். குடிக்கிறவர்கள் அதில் வரட்டும். டிக்கெட் எடுத்து வரட்டும். மற்ற இரவுகளில் கடைசி லோக்கலுக்கும் முதல் லோக்கலுக்கும் நடுவே மூன்று மணி நேரம் தண்டவாளம் ஓய்கிறது. கார்ட்டர் ரோடு நடந்தது அந்த நேரத்தில்தான். இட்லிச் சைக்கிள் புறப்படுவதும் அந்த நேரம் முடிகிற தறுவாயில்தான். நைட் ஷிஃப்டிலிருந்து திரும்புகிற தோழர்கள் வாரத்துக்கு ஓர் இரவு அந்த நேரத்தில் கூப்பிட்டால் வருகிற நிலையில் இருக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லவும். முறைப் பட்டியல் எழுதும் நோட்டு சங்க அலுவலக மேசையில் இருக்கிறது. மராத்தி தெரிந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அதைக் குறிக்கவும். அந்தப் பத்தியில்தான் இப்போது ஆள் குறைவு.